மழையா, மலையா? மார்க் எவ்வளவு?

பொழுது விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் கிளம்பி விடுகின்றன.

ஜீப் நிறையப் பெண்கள். கையில் சோற்றுத் தூக்கு. தலையில் துண்டு. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஜீப் போடிமெட்டுக்கு ஏறுகிறது. அங்கே தமிழ்நாட்டு எல்லை முடிகிறது. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. எங்கு பார்த்தாலும் ஏலத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில்தான் இந்தப் பெண்களுக்குக் கூலி வேலை.

அம்மா ஜீப் ஏறும்போது பிள்ளை தூங்கிக்கொண்டு இருக்கும். பிறகு எழுந்து, முகம் கழுவி, பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்.

அப்படிப்பட்ட ஒரு சிறுமி மூன்றாம் வகுப்புப் படிப்பதாக வைத்துக்கொள்ளலாம். "மழை நாள் பற்றிச் சில வரிகள் எழுதுங்கள்" என்கிறார், ஆசிரியை. சிறுமி பென்சிலைக் கடித்தபடி யோசிக்கிறாள். பிறகு எழுதுகிறாள்:

"எங்கம்மா ஜீப்ல மலைக்கு போகும். நேத்து மலை பேஞ்சுச்சு. ஜீப்பு வரல. அம்மா வீட்ல இருந்துச்சு. எனக்கு சந்தோசம். அம்மாக்கு கவளை. கூளி இல்ல."

பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிறுமியும் எழுதுகிறாள்:

"மழை நமக்கு நன்மை தரும். மழை பெய்தால் பயிர்கள் வளரும். மழை நாள் இனிய நாள். மழை இன்றி உலகம் இல்லை."

இரண்டு நோட்டுகளும் மேஜைக்கு வருகின்றன. யாருக்கு எவ்வளவு மார்க்?

சிவப்பு மை

பல இடங்களில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் நோட்டில் சிவப்புப் பேனா புகுந்து விளையாடும். "மழை" என்பதை "மலை" என்று எழுதியது தப்பு. "கவலை"யைக் "கவளை" ஆக்கியது தப்பு. "கூலி"யைக் "கூளி" ஆக்கியது தப்பு. "பேஞ்சுச்சு" கொச்சை. "மலைக்குப் போகும்" என்பதில் "ப்" இல்லை. சுழித்துச் சுழித்து, கடைசியில் பத்துக்கு மூன்று!

இரண்டாவது நோட்டில் ஒரு தப்பும் இல்லை. பத்துக்கு ஒன்பது!

இது நியாயமா?

இரண்டாவது சிறுமி எழுதியதில் தப்பு இல்லை. உண்மைதான். ஆனால் அதில் அவளுடையது என்று எதுவும் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை அவள் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறாள். சென்னைப் பிள்ளையும் அதையே எழுதலாம். சேலத்துப் பிள்ளையும் எழுதலாம்.

முதல் சிறுமி எழுதியதோ அவள் வீட்டுக் கதை. மழை பெய்தால் அவளுக்குச் சந்தோஷம். அம்மா வீட்டில் இருக்கிறாள். அதே மழையால் அம்மாவுக்குக் கவலை. அன்றைய கூலி போயிற்று. ஒரே மழை, ஒரே வீடு, இரண்டு மனம். எட்டு வயதுப் பிள்ளை அதைப் பார்த்திருக்கிறது. அதை ஏழே வாக்கியத்தில் சொல்லியும் விட்டது!

அந்தப் பிள்ளைக்கு மூன்று மார்க் போட்டால் அது என்ன கற்றுக்கொள்ளும்? "நம் வீட்டுக் கதை பள்ளிக்கூடத்துக்கு ஆகாது" என்று கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை அதுவும் "மழை நமக்கு நன்மை தரும்" என்று எழுதும். தப்பு குறையும். மார்க் கூடும். ஆனால் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொள்ளும்.

53 பேர், 300 கட்டுரைகள்

மார்க் என்பது கல்லில் செதுக்கிய கணக்கு என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்பதை அமெரிக்காவில் ஒரு சோதனை காட்டியது.

1961-ல் அந்தச் சோதனையின் முடிவு வெளியானது. நடத்தியவர் பால் டீடெரிக் என்பவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை எடுத்துக்கொண்டார்கள். 53 பேரிடம் கொடுத்து மார்க் போடச் சொன்னார்கள். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், வக்கீல்கள், வியாபார நிர்வாகிகள் எல்லோரும் அந்த 53 பேரில் இருந்தார்கள். 1 முதல் 9 வரை மார்க் போடலாம்.

என்ன ஆயிற்று தெரியுமா?

101 கட்டுரைகளுக்கு 1 முதல் 9 வரை எல்லா மார்க்கும் விழுந்தது! ஒருவர் "மிக மோசம்" என்று ஒதுக்கிய கட்டுரையை இன்னொருவர் "மிக நன்று" என்று மெச்சினார். ஐந்து விதத்துக்குக் குறைவான மார்க் வாங்கிய கட்டுரை ஒன்றுகூட இல்லை.

காரணம் என்ன? ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பார்த்தார்கள். சிலர் கருத்தைப் பார்த்தார்கள். சிலர் எழுத்துப் பிழையையும் வாக்கியப் பிழையையும் பார்த்தார்கள். சிலர் முன்பின் ஒழுங்கைப் பார்த்தார்கள். சிலர் சொல்லைப் பார்த்தார்கள். சிலர் எழுதியவரின் நடையைப் பார்த்தார்கள். எதைப் பார்க்கிறோம் என்று முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அதனால் மார்க் ஆளுக்கு ஆள் மாறியது.

படித்த பெரியவர்கள் கதையே இப்படி என்றால், மூன்றாம் வகுப்பு நோட்டில் விழும் ஒற்றை மார்க்கை நம்பி ஒரு பிள்ளையை "மக்கு" என்று சொல்லலாமா?

இரண்டு கண், இரண்டு மார்க்

வழி இருக்கிறது. சுலபமான வழிதான். கருத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும். எழுத்து முறையைத் தனியாகப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் தனித்தனி மார்க் போடவேண்டும்.

கருத்தைப் பார்க்கும்போது நான்கு கேள்விகள் போதும். பிள்ளை தன்னுடைய விஷயத்தைச் சொல்லியிருக்கிறதா? தலைப்பை விட்டு ஓடாமல் இருக்கிறதா? முதலில் நடந்தது முதலிலும், பிறகு நடந்தது பிறகும் வருகிறதா? கண்ணால் கண்டது, காதால் கேட்டது ஏதாவது ஒன்று அதில் இருக்கிறதா?

எழுத்து முறையைப் பார்க்கும்போது கேள்விகள் வேறு. எழுத்து சரியா? சொல்லுக்குச் சொல் இடம் விட்டிருக்கிறதா? வாக்கியம் முடிந்ததும் புள்ளி இருக்கிறதா? வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொற்களையாவது பிழை இல்லாமல் எழுதியிருக்கிறதா?

இரண்டுக்கும் ஐந்து ஐந்து மார்க் என்று வைத்துப் பார்க்கலாம். ஜீப் கதை எழுதிய சிறுமிக்குக் கருத்தில் நான்கு. எழுத்து முறையில் இரண்டு. இன்னொரு சிறுமிக்குக் கருத்தில் ஒன்று. எழுத்து முறையில் ஐந்து.

கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் ஆறு!

ஆனால் இருவருக்கும் வேண்டிய உதவி ஒன்றா? இல்லவே இல்லை. ஒருத்திக்கு ல, ள, ழ சொல்லிக்கொடுக்கவேண்டும். இன்னொருத்தியிடம், "உன் வீட்டில் மழை பெய்தால் என்ன நடக்கும்? அதை எழுது" என்று சொல்லவேண்டும். கூட்டிய மார்க் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. ஆகவே கூட்டாமல் விடுவதே நல்லது.

இது புதுமையான யோசனை அல்ல. ஆஸ்திரேலியாவில் 2008 முதல் நாடு முழுவதும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சோதனை நடக்கிறது. மூன்றாம் வகுப்பிலேயே அது தொடங்குகிறது. பிள்ளையின் எழுத்தைப் பத்துத் தலைப்புகளில் பிரித்துப் பார்க்கிறார்கள். கருத்து ஒரு தலைப்பு. சொல்வளம் ஒரு தலைப்பு. எழுத்துப் பிழையும் ஒரு தலைப்பு, பத்தில் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வி ஆண்டில் முப்பருவ முறை வந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, ஒரே பரீட்சையை வைத்து எடை போடாமல், ஆண்டு முழுவதும் பிள்ளையின் வேலையைப் பார்க்கவேண்டும் என்றார்கள். கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்த்தார்கள். ஒரே வகுப்பில் உட்கார்ந்தாலும் எல்லாப் பிள்ளையும் ஒரே நிலையில் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. அதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. ஒரே பிள்ளைகூடக் கருத்தில் மலராகவும் எழுத்தில் அரும்பாகவும் இருக்கலாம்!

தப்பைத் திருத்த வேண்டாமா?

"அப்படியானால் எழுத்துப் பிழையை விட்டுவிடுவதா?" என்று ஒரு தகப்பனார் கேட்கலாம். நல்ல கேள்வி.

விடவே கூடாது!

"மலையில் மழை பெய்தது" என்று எழுதவேண்டிய இடத்தில் "மலையில் மலை பெய்தது" என்று எழுதினால் படிப்பவன் சிரிப்பான். "பள்ளி"யைப் "பல்லி" என்று எழுதினால் பொருளே கெடும். நாளைக்கு இந்தப் பிள்ளை தாலுகா ஆபீசுக்கு மனு எழுதவேண்டும். பாங்கிப் படிவத்தை நிரப்பவேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று ஓர் எழுத்து மாறினாலே ஏழை எத்தனை நடை நடக்கவேண்டி இருக்கிறது! பணக்காரப் பிள்ளைக்குப் பிழை திருத்த ஆள் இருக்கும். கூலிக்காரப் பிள்ளைக்கு அதன் கையெழுத்துத்தான் துணை. ஆகவே சரியாக எழுதக் கற்றுக்கொடுக்காமல் விடுவதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகமே.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. எழுத்து முறை என்பது ஊர் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம். அது அறிவின் அளவுகோல் அல்ல.

இதற்குத் தமிழிலேயே சாட்சி உண்டு. பழைய புத்தகங்களில் "லை", "னை" போன்ற எழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போல ஒரு கொம்பு இருக்கும். பெரியார் 1935-ல் தம்முடைய "குடி அரசு" பத்திரிகையில் அவற்றை மாற்றிச் சுலபமாக அச்சிட்டார். 1978-ல் தமிழ்நாடு அரசு அந்தச் சீர்திருத்தத்தில் பெரும் பகுதியை ஏற்று ஆணை போட்டது. அதற்கு முன்பு பள்ளியில் அப்படி எழுதியிருந்தால் அது தப்பு. அதன் பிறகு அதுவே சரி! ஒப்பந்தம் மாறியது. அறிவு மாறவில்லை.

ஒப்பந்தத்தைப் பிள்ளை தெரிந்துகொள்ளவேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். தமிழுக்கு எழுத்துகள் 247. போதாததற்கு, தென்பாண்டிச் சீமையில் பெரியவர்களே பேச்சில் "வாழைப்பழம்" என்று சொல்வதில்லை, "வாளைப்பளம்" என்கிறார்கள். காதில் விழாத ஓசையைப் பிள்ளை கையில் எப்படிக் கொண்டுவரும்? போடிப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. கன்னடம் பேசும் குடும்பங்களும் உண்டு. மலைச் சரிவில் முதுவர் குடியிருப்புகள் உண்டு. அவர்களுடைய வீட்டுப் பேச்சு தனி. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்த பிறகுதான் புத்தகத் தமிழையே கேட்கிறார்கள்.

"பேஞ்சுச்சு" என்பது தப்பல்ல. அது வீட்டுப் பேச்சு. "பெய்தது" என்பது எழுத்துப் பேச்சு. வீட்டில் கட்டும் சேலை வேறு. கல்யாணத்துக்குக் கட்டும் சேலை வேறு. வீட்டுச் சேலையை யாராவது கிழித்து எறிகிறார்களா? "இது வீட்டுக்கு, அது ஊருக்கு" என்று எடுத்துச் சொன்னால் போதும். பிள்ளை புரிந்துகொள்ளும்.

டால்ஸ்டாயின் பள்ளிக்கூடம்

ரஷ்ய நாட்டு எழுத்தாளர் டால்ஸ்டாயைக் கேள்விப்படாதவர் குறைவு. அவர் பெரிய பிரபு. 1859-ல் தம்முடைய யாஸ்னயா போல்யானா பண்ணையில், குடியானவர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்.

அந்தப் பிள்ளைகள் கதை எழுதுவதைப் பார்த்து அவர் அசந்து போனார். "நம்மிடம் குடியானவர் பிள்ளைகள் எழுதக் கற்பதா, அவர்களிடம் நாம் எழுதக் கற்பதா?" என்ற பொருளில் 1862-ல் ஒரு கட்டுரையே எழுதினார். பிள்ளைகள் எழுதியதைப் பார்க்கும்போது கையெழுத்து, எழுத்துப் பிழை இவற்றைப் பற்றிக் குறை சொல்லவேண்டாம் என்பது அவர் ஆசிரியர்களுக்குச் சொன்ன யோசனை.

டால்ஸ்டாய் சொன்னதை அப்படியே ஏற்கவேண்டியது இல்லை. அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரேஷன் கார்டும் இல்லை. பாங்கிப் படிவமும் இல்லை. ஆனால் அவர் முதலில் கதையைப் படித்தார். பிறகுதான் மற்றது. அந்த வரிசை சரியான வரிசை.

ஏலக்காய் சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் போடிக்காரர்களுக்கு வெளியூர்ப் பாடம் அதிகம் தேவை இல்லை. ஏலக்காயைக் கேட்டாலே போதும்.

ஏலச் செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவது இல்லை. காய் எடுக்கும் பெண்கள் முற்றிய காயை மட்டும் பறிப்பார்கள். மற்றதைச் செடியிலேயே விட்டு வருவார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் அதே செடிக்கு வருவார்கள். பிஞ்சைப் பிடுங்கினால் நஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிழை திருத்துவதும் அப்படித்தான் இருக்கவேண்டும். ஒரே நாளில் இருபது பிழையைச் சுழித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. இன்றைக்கு "மழை" ஒன்று. நாளை மறுநாள் "கவலை"யும் "கூலி"யும். ஒற்று மிகும் இடம் எல்லாம் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக்குக் காத்திருக்கலாம்.

பறித்த பச்சைக் காய் ஸ்டோருக்குப் போகிறது. அங்கே உலர்த்துகிறார்கள். சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ காய் கிடைக்கும். "காய் ஈரமாக இருக்கிறது" என்று யாராவது பச்சைக் காயைக் குப்பையில் கொட்டுகிறார்களா? பிள்ளை முதலில் எழுதுவதும் பச்சைக் காய்தான். உலர்த்தி எடுப்பது பள்ளிக்கூடத்தின் வேலை.

கடைசியில் காய் விலைக்கு வரும்போது என்ன பார்க்கிறார்கள்? பச்சை நிறம் ஒரு கணக்கு. பருமன் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. மேல்தோலை மட்டும் பார்த்து எந்த வியாபாரியும் விலை சொல்வது இல்லை. காய்க்கு இருக்கும் நியாயம் பிள்ளைக்கு இருக்கக்கூடாதா?

ஆசிரியருக்கு நேரம் ஏது?

"சொல்வது எளிது. செய்வது யார்?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அதிலும் நியாயம் உண்டு.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். ஆனால் வகுப்புகள் ஐந்து! பதிவேடு வேறு. படிவம் வேறு. தினம் முப்பது நோட்டை வரி வரியாகப் பார்க்க யாராலும் முடியாது.

தினம் முப்பது வேண்டாம். ஆறு போதும். வாரத்தில் ஐந்து நாள் பள்ளி. ஐந்து நாளில் முப்பது நோட்டும் முடிந்துவிடும். மற்ற நாட்களில் பிள்ளைகளே ஒருவருக்கு ஒருவர் படித்துக் காட்டட்டும். வாரத்தில் ஒரு தடவையாவது, தான் எழுதியதை ஒரு பெரியவர் முழுவதும் படித்தார் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியவேண்டும். அதைவிடப் பெரிய மார்க் கிடையாது.

பெற்றோர் செய்யக்கூடியது

மாலையில் ஜீப் இறங்கி வீட்டுக்கு வரும் தாய்க்கு நோட்டைத் திறந்து பார்க்கத் தெம்பு இருக்காது. சிலருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரும் பாடு. சிலருக்கு அதுவும் வராது.

பரவாயில்லை. "இன்றைக்கு எத்தனை மார்க்?" என்று கேட்கவேண்டாம். "பாப்பா, என்ன எழுதினே? படிச்சுக் காட்டு" என்று கேட்டால் போதும். அடுப்பில் உலை வைத்தபடியே கேட்கலாம். கருத்தைப் பார்க்கப் படிப்புத் தேவை இல்லை. காது போதும். எழுத்தைத் திருத்த ஆசிரியர் இருக்கிறார்.

சிவப்பு மையைப் பார்த்ததும் பிள்ளையின் முதுகில் ஒன்று வைக்கும் தகப்பன்மார்கள் உண்டு. அவர்கள் முதலில் பிள்ளை எழுதியதைக் கேட்கட்டும். அதில் அவர்களைப் பற்றியே ஏதாவது இருக்கலாம்!

ஜீப் கதை எழுதிய சிறுமியின் நோட்டுக்கு மீண்டும் வரலாம். நல்ல ஆசிரியை அதில் என்ன செய்வார்?

எல்லாவற்றையும் சுழிக்க மாட்டார். "மலை பேஞ்சுச்சு" என்ற இடத்தில் மட்டும் "மழை" என்று அழகாக எழுதிக் காட்டுவார். அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்வார். நாக்கு எங்கே மடங்குகிறது என்று காட்டுவார். பிறகு அடியில் ஒரு வரி எழுதுவார்:

"மறுநாள் மழை விட்டதா? அம்மா வேலைக்குப் போனார்களா? எழுது."

சிறுமி அதைப் படிப்பாள். தன் கதையை ஒருவர் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பென்சிலைச் சீவுவாள். மறுநாள் அவள் எழுதும் வரியில் "மழை" சரியாக வரும்.

கதையும் வளரும்!